ஆமைகளின் நாட்டில் ஒரு குடும்பத்தைத் தேடி

ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு நான் போனது தரங்கம்பாடிக்காக. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள், சேர்த்து அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் எல்லாம் அங்கே ஃபிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டேனிஷ் கோட்டைச் சுவரோரம் விளையாடி வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்து ஏடு அந்தக் குளிர்நாட்டில் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை.

பார்த்தேன். மெத்தை போட்ட தாங்கியில் ஒரு சுவடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓலை தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது. புள்ளி இல்லாத மெய்யெழுத்துகளோடு வரிகள் நெருக்கமாக ஓடின. முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. கயிறு கோத்த துளையைச் சுற்றி ஓலை சற்றுக் கறுத்திருந்தது. எத்தனை விரல்கள் அந்த இடத்தைப் பிடித்துத் திருப்பினவோ!

எதிர் மேசையில் எழுபது வயதை ஒட்டிய ஓர் அமெரிக்க அம்மையார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பழுப்பேறிய காகிதங்கள், கோணலான பழைய ஜெர்மன் கையெழுத்தில். உணவு இடைவேளையில் அவரே பேச்சுக் கொடுத்தார். அவருடைய முன்னோர் 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிய ஜெர்மன் குடியானவர்கள். அவர்களுக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் செய்துவைத்த போதகர் ஹாலேவுக்கு எழுதிய கடிதங்களில், தன் குடும்பத்தின் பெயர் எங்காவது தட்டுப்படுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"இவர் பெயர் ஹைன்ரிஷ் மெல்கியோர் மியூலன்பெர்க். இவரை முதலில் இந்தியாவுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வந்தவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு, வராமல் போன ஒருவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நான் பென்சில்வேனியாவுக்குப் போனதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதில் பயனில்லை. அங்கே போன அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் என்ன ஆனது என்பதைப் போய்ப் பார்க்கலாம் அல்லவா?

மியூலன்பெர்க் 1711-இல் ஐன்பெக் என்ற ஊரில் பிறந்தவர். கோட்டிங்கனில் படித்துவிட்டு, ஹாலேயின் அனாதைச் சாலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அப்போதுதான் அவரை வங்காளத்துக்கு மிஷனரியாக அனுப்பும் யோசனை எழுந்தது. அது கைகூடவில்லை. 1741 செப்டம்பர் 6-ஆம் தேதி, அவருடைய முப்பதாவது பிறந்த நாளன்று, பென்சில்வேனியாவில் மேய்ப்பன் இல்லாமல் தவிக்கும் மூன்று சபைகளுக்குப் போகச் சம்மதமா என்று கோட்ஹில்ஃப் ஆகஸ்ட் ஃபிராங்கே அவரிடம் கேட்டார். சம்மதித்தார். போகும் வழியில் லண்டனில் ஒன்பது வாரம் தங்கி ஆங்கிலம் பழகினார். அவருக்கு அங்கே ஆதரவாக இருந்தவர் அரசவைக் குருவான சீகன்ஹாகன். தரங்கம்பாடி மிஷனுக்கு லண்டனிலிருந்து போன உதவிக்குப் பின்னாலும் இதே மனிதர் இருந்தார்.

ஹாலேயில் 'இனிய சாரம்' என்ற பொருள் தரும் லத்தீன் பெயரோடு ஒரு மருந்து தயாரித்தார்கள். தங்கத்திலிருந்து எடுத்தது என்று சொல்லி விற்பார்கள். அனாதைச் சாலையின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த மருந்து வியாபாரத்தில் வந்தது. ஹாலே மருந்துகள் தரங்கம்பாடிக்கும் வந்தன, பென்சில்வேனியாவுக்கும் போயின. காட்டுப் பாதையில் குதிரையேறிச் சபை சபையாகப் போன மியூலன்பெர்க் அவற்றைக் கொடுத்து வைத்தியமும் பார்த்தார். ஒரே கொதிகலனில் காய்ச்சிய மருந்து கடலூர்ச் சாலையிலும் டெலவேர் ஆற்றங்கரையிலும் யார் யார் தொண்டையிலோ இறங்கியிருக்கிறது.

பிலடெல்ஃபியாவில் நான் முதலில் பார்த்தது பெயர்ப் பட்டியல்களை. 1727 முதல், அங்கே வந்திறங்கிய ஜெர்மானியரில் பதினாறு வயதைத் தாண்டிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. 1934-இல் பெரிய தொகுதிகளாக அச்சாயின. பக்கங்களைப் புரட்டினால் ஒரு வரியில் திருத்தமான கையெழுத்து, அடுத்த வரியில் வெறும் பெருக்கல் குறி. அந்தக் குறிக்கு இரு பக்கமும் எழுத்தர் பெயரை எழுதியிருப்பார், தன் ஆங்கிலக் காதில் விழுந்தபடி. பெண்களையும் குழந்தைகளையும் இந்தப் பட்டியலில் தேடுவது வீண்.

ஹாலேயில் அந்த அம்மையார் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இங்கேதான் கைகொடுத்தன. ஒரு வீட்டில் நாலு பையன்கள் இருந்தால் நாலு பேருக்கும் முதல் பெயர் யோஹான் என்றே இருக்கும். யோஹான் கான்ராட், யோஹான் பீட்டர், யோஹான் ஜேக்கப். வீட்டில் கூப்பிடும் பெயர் இரண்டாவது. இது தெரியாதவர்கள் யோஹானைத் தேடித் தேடி அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆளாக்கிவிடுவார்கள். பெண்ணின் குடும்பப் பெயருக்குக் கடைசியில் 'இன்' சேரும். வைசர் வீட்டுப் பெண் வைசரின். பிறகு ஊருக்கு ஏற்ற வேஷம்: ஷ்மிட் ஸ்மித் ஆவார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆவார், தச்சரான சிம்மர்மன் கார்ப்பென்டர் ஆவார். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் தொலைந்துபோவார். "ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நின்றவர்கள் யார் என்று பாருங்கள். மாமன், அத்தை, பழைய ஊர்க்காரர், கப்பலில் கூட வந்தவர், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்" என்றார் அவர். வம்சம் தேடுவது பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிட நல்ல வழி காட்டவில்லை.

கப்பல் கூலி கொடுக்க முடியாமல் வந்தவர்கள் நிலை கொடுமை. கூலியைக் கட்டி மீட்டுக்கொள்ள ஒரு முதலாளி வரும்வரை கப்பலிலேயே கிடப்பார்கள். வந்தவர் சில வருட உழைப்புக்குப் பேரம் பேசி அழைத்துப்போவார். தாய் ஒரு வீட்டுக்கும் பிள்ளை இன்னொரு வீட்டுக்கும் போவது சாதாரணம். 1750-இல் போய் 1754-இல் சொந்த ஊருக்கே திரும்பிய காட்லீப் மிட்டல்பெர்கர் என்பவர், இனி யாரும் இந்தப் பயணம் போகவேண்டாம் என்ற எண்ணத்தோடு இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். ஒரு குடும்பத்தின் தடம் துறைமுகத்திலேயே பல துண்டாகிவிடுவது இதனால்தான்.

பிலடெல்ஃபியாவிலிருந்து வடமேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் டிராப் என்ற சிற்றூர். மியூலன்பெர்க் 1743-இல் கட்டிய கல் தேவாலயம் அங்கே அப்படியே நிற்கிறது. ஹாலே அறநிலையத்தைத் தொடங்கிய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கேயின் நினைவாக அதற்கு அகஸ்டஸ் ஆலயம் என்று பெயர். உள்ளே நுழைந்தால் மர வாசனை. குறுகலான பலகை இருக்கைகள், மேலே மரத் தூண்கள் தாங்கும் மாடம், உயரமான பிரசங்க மேடை. அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 1777-இல் சுதந்திரப் போரின்போது காயம்பட்ட சிப்பாய்களை இங்கே கிடத்தியிருந்தார்கள். நான் ஒரு பலகையில் கை வைத்துப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து உருண்டிருந்தது, எங்கள் ஊர்ப் பழைய வீட்டுத் திண்ணைத் தூணைப்போல.

மியூலன்பெர்க் 1745-இல் அன்னா மரியாவை மணந்தார். பதினொரு குழந்தைகள். கணவர் எழுதிய நாட்குறிப்புகள் மூன்று தடித்த தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. மனைவியை அந்தப் பக்கங்களில் கணவரின் கண்ணால்தான் பார்க்க முடிகிறது. பிற்காலத்தில் அவருக்கு வலிப்பு வந்ததும், வீட்டில் எல்லாரும் பயந்ததும் அப்படித்தான் தெரிகிறது. இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறவர்கள் தகப்பனிலிருந்து தொடங்கி மகன்களுக்குத் தாவிவிடுகிறார்கள். அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. அமெரிக்க மண்ணில் இந்தக் குடும்பம் வேர் பிடித்தது தாய்வழியில். அந்த வழியைப் பார்க்க இன்னும் மேற்கே போக வேண்டும்.

போனேன். 422-ஆம் நெடுஞ்சாலையில் ரெடிங் நகரத்தைத் தாண்டி வோமல்ஸ்டார்ஃப். அன்னா மரியாவின் தகப்பனார் கான்ராட் வைசர் 1729-இல் குடியேறிய இடம். அவருடைய சின்னக் கல் வீடும் கல்லறையும் இன்று ஒரு பூங்காவுக்குள் இருக்கின்றன. வாதுமை மரங்கள் காய் உதிர்த்திருந்தன. நான் போன நேரத்தில் வேறு யாரும் இல்லை.

வைசர் குடும்பத்தின் கதை 1709-இல் தொடங்குகிறது. ரைன் நதிப் பக்கம் படையெடுப்பும் வரியும் போதாதென்று அந்தக் குளிர்காலம் திராட்சைக் கொடிகளையே கருக்கியது. ஆயிரக்கணக்கானோர் ஆற்றோடு இறங்கி லண்டனுக்குப் போனார்கள். அங்கே கூடாரங்களில் தங்கவைத்தார்கள். கான்ராடின் தகப்பனார், வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்த யோஹான் கான்ராட் வைசர், மனைவியைப் புதைத்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர். கப்பற்படைக்கு வேண்டிய தார் எடுக்க இவர்களைப் பயன்படுத்தலாம் என்று ஆங்கில அரசு சுமார் மூவாயிரம் பேரை 1710-இல் நியூயார்க்குக்கு ஏற்றியது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் கடலிலேயே செத்தார்கள். கரையேறியதும் வைசரின் இரண்டு சிறு மகன்களை ஆளுநர் லாங் தீவில் வேலைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவர்களைக் குடியேற்றிய பகுதியின் பைன் மரமோ தாருக்கு லாயக்கில்லாதது. 1712-இல் திட்டம் நின்றது, சாப்பாடும் நின்றது. கடும் குளிரில் ஸ்கோஹேரி பள்ளத்தாக்குக்கு நகர்ந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் தகப்பன் தன் பதினாறு வயது மகன் கான்ராடை மோஹாக் பழங்குடியினரின் ஊரில் கொண்டுபோய் விட்டார், பாஷை கற்றுக்கொள்ளட்டும் என்று. எட்டு மாதம் பசியோடும் குளிரோடும் இருந்த பையன் பாஷையோடு திரும்பினான்.

அந்தப் பாஷைதான் அவருக்குச் சோறு போட்டது. பென்சில்வேனியா அரசுக்கும் இரொக்வாய் கூட்டமைப்புக்கும் நடுவே முப்பது ஆண்டு அவர் மொழிபெயர்ப்பாளர். 1737-இல் பனியில் இரொக்வாயின் ஓனண்டாகாவரை நடந்தார். 1744-இல் லங்காஸ்டர் உடன்படிக்கையில் பேசினார். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மன் குடும்பங்கள் வந்து உட்கார்ந்த இந்த டல்பிஹாக்கன் பள்ளத்தாக்கு லெனாபே மக்களின் நிலம். தங்களுக்கு விலை கொடுக்காமலேயே இங்கே ஆட்கள் குடியேறிவிட்டார்கள் என்று அவர்களுடைய தலைவர் சசூனன் 1728-இலேயே முறையிட்டார். வைசர் நடத்திக்கொடுத்த பேச்சுகளில் இரொக்வாயின் கை ஓங்க ஓங்க லெனாபேயின் குரல் தேய்ந்தது. டல்பிஹாக்கன் என்றால் அவர்கள் மொழியில் ஆமைகளின் நாடு. பெயரைக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். ஓடைக்கு இன்றும் அந்தப் பெயர்.

நிலமும் செல்வாக்கும் வந்த பிறகும் வைசரின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1735-இல் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு, எஃப்ராட்டாவில் கான்ராட் பைசல் நடத்திய துறவிகள் குடியிருப்பில் சேர்ந்து ஏனோக் என்று பெயர் வைத்துக்கொண்டார். தங்கள் பழைய சபையின் ஞானோபதேசப் புத்தகங்களைத் தீயில் போட்டவர்களில் அவரும் ஒருவர். எஃப்ராட்டாவுக்கும் போனேன். குனிந்தால்தான் நுழைய முடிகிற கதவு, ஒற்றை ஆள் நடக்கிற நடை, படுக்கையாக ஒரு பலகை, தலையணையாக ஒரு மரக்கட்டை. சில வருடங்களில் அதையும் உதறிவிட்டு வீடு திரும்பிய வைசர், 1745-இல் தன் மகளை ஒரு லுத்தரன் போதகருக்கே கட்டிக்கொடுத்தார். அடுத்த வருடம் அவருடைய கிழத் தகப்பனார் ஸ்கோஹேரியிலிருந்து வந்து மகன் வீட்டில் கண் மூடினார். 1709-இல் கிளம்பிய பயணம் அவருக்கு அங்கேதான் முடிந்தது.

எஃப்ராட்டாவிலிருந்து லங்காஸ்டர் போகிற வழியில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள். ஒரு தோட்டக் கடையில் பூசணிக்காய் வாங்க நின்றேன். கடைக்காரப் பெண் என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொல்லிவிட்டு, திரும்பித் தன் பிள்ளையை அதட்டியது ஜெர்மன் மொழியில். தாங்கள் பேசுவதை அவர்கள் 'டைட்ச்' என்பார்கள். ரைன் கரையில் பேசிய கொச்சை, முந்நூறு வருடமாகக் கன்றாமல் இருக்கிறது.

மியூலன்பெர்க் வீட்டில் ஜெர்மன் நிலைக்கவில்லை. தகப்பன் 1763-இல் மூன்று மகன்களையும் ஹாலேவுக்குப் படிக்க அனுப்பினார். மூத்தவர் பீட்டருக்குப் பதினாறு வயது, கடைசி ஹைன்ரிஷுக்கு ஒன்பது. பீட்டர் லூபெக்கில் ஒரு மருந்துக் கடையில் எடுபிடியாக மாட்டிக்கொண்டு, தப்பித்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1767-இல் ஊர் திரும்பினார். பின்னால் போதகர் ஆனார், பிறகு வாஷிங்டனின் கீழ் தளபதி ஆனார். மேடையிலேயே அங்கியைக் கழற்றி உள்ளே ராணுவ உடுப்பைக் காட்டினார் என்று ஒரு கதை பிரபலம். 1849-இல் குடும்பத்தில் ஒருவர் எழுதிய புத்தகத்தில்தான் அது முதலில் வருகிறது, அதனால் நான் அதை நம்பிச் சொல்ல மாட்டேன். தாய்வழித் தாத்தாவின் கான்ராட் என்ற பெயரையும் சுமந்த நடு மகன் ஃபிரெடெரிக், 1789-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர். அவருடைய ஒரு வாக்கால்தான் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனது என்று இன்றும் சொல்கிறார்கள். நடந்தது வேறு. சட்டங்களை ஜெர்மனிலும் வெளியிடும்படி வர்ஜீனியா ஜெர்மானியர் கேட்டிருந்தார்கள். 1795-இல் அதையொட்டி விவாதத்தைத் தள்ளிவைக்கும் ஒரு தீர்மானம் 42-க்கு 41 என்று தோற்றது. அவ்வளவுதான். ஃபிரெடெரிக்கின் வாக்கு உண்மையிலேயே முடிவு செய்தது 1796-இல், பிரிட்டனோடு செய்த ஜே உடன்படிக்கை விஷயத்தில். அதற்காகச் சில நாளில் அவருடைய மைத்துனரே அவரைக் கத்தியால் குத்தினார்.

மொழி தோற்றது நாடாளுமன்றத்தில் இல்லை, சொந்தத் தேவாலயத்தில். 1806-இல் பிலடெல்ஃபியாவின் ஜெர்மன் சபையில், ஆங்கிலத்திலும் ஆராதனை வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்டது. வாக்கெடுப்பில் தோற்றதும் வெளியேறித் தனி ஆங்கிலச் சபை வைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பீட்டர் மியூலன்பெர்க், தகப்பன் ஜெர்மனில் பிரசங்கித்த அதே சபையில். எனக்கு இதில் அவர்மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்குள் பேரப்பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிராப் தேவாலயத்தின் பின்புறம் கல்லறைகளைப் பார்த்தபோது இது ஒரே பார்வையில் புரிந்தது. ஜெர்மன் பேசி வாழ்ந்த தகப்பனின் கல்லில் லத்தீன். அவருக்குப் பக்கத்தில் மகன் பீட்டரின் கல்லில் ஆங்கிலம்.

லங்காஸ்டரில் நான் தேடிப் போனது கடைசி மகன் ஹைன்ரிஷை. தகப்பனை அமெரிக்காவுக்கு அனுப்பிய ஃபிராங்கேயின் கோட்ஹில்ஃப் என்ற பெயர் அவருக்கு முதல் பெயர். முப்பத்தைந்து வருடம் இந்த ஊரில் போதகர். 1777-இல் பிரிட்டிஷ் படை பிலடெல்ஃபியாவைப் பிடித்தபோது தப்பிக் கிராமப்புறம் வந்தவர், சும்மா இருக்க முடியாமல் செடிகளைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு விடவே இல்லை. ஒரு புல் இனத்துக்கே மியூலன்பெர்கியா என்று பெயர் வந்தது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி பெர்லினில் இருந்த தாவரவியலாளர் வில்டெனோவுக்கு அனுப்பினார். அதே வில்டெனோவுக்கு அதே காலத்தில் தரங்கம்பாடியிலிருந்தும் காய்ந்த செடிகள் போய்க்கொண்டிருந்தன. அனுப்பியவர் பின்னால் தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் ஐயர். ஹாலேயில் ஓலையும் காகிதமும் எதிரெதிர் மேசையில் இருந்ததுபோல, பெர்லினில் காவிரிக் கரைச் செடியும் லங்காஸ்டர்ப் பக்கத்துக் கோனஸ்டோகா ஆற்றங்கரைச் செடியும் ஒரே மனிதர் கையில்.

லங்காஸ்டரின் உட்வர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஹைன்ரிஷின் கல்லும் ஃபிரெடெரிக்கின் கல்லும் இருக்கின்றன. மேடேறிப் போய்ச் சற்று நேரம் நின்றேன்.

ஹைன்ரிஷ் இந்தப் பக்கத்துச் சதுப்பிலிருந்து ஒரு ஆமையையும் ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும், பத்து சென்டிமீட்டர்தான். காதுக்குப் பக்கம் ஒரு ஆரஞ்சுத் திட்டு. 1801-இல் ஷோப்ஃப் என்பவர் அதற்கு மியூலன்பெர்க்கின் பெயரை வைத்தார். தாய் அன்னா மரியா வளர்ந்தது ஆமைகளின் நாட்டில். மகன் பெயர் ஓர் ஆமைக்கு. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. இன்று அந்த ஆமை அரிதாகிவிட்டது. 1997 முதல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

லங்காஸ்டரை விட்டுக் கிளம்பும் நாளில், அந்த ஆமையை எங்கே பார்க்கலாம் என்று ஓர் இயற்கை ஆர்வலரிடம் கேட்டேன். "எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் நல்லவர்தான், ஆனாலும் சொல்ல மாட்டேன்" என்றார். சரிதான் என்று பட்டது. திரும்பும் வழியில் ஒரு பண்ணை ஓரம் வண்டியை நிறுத்திச் சற்றுத் தூரம் நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தாழ்வான சேற்று நிலம், கோரைப்புல், நடுவே நகர்வதே தெரியாமல் மெல்லிய நீர். வேலியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.